ஏழு நாள் வெயில்: 22,222 நாற்றுகளின் கணக்கு

ஒரு எக்டேர் ஒட்டுரகத் தக்காளிக்கு 238 குழித்தட்டு நாற்று வேண்டும் என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு. ஒரு தட்டில் 98 குழி. 238 தட்டில் 23,324 குழி. குறிப்பு கேட்கும் நாற்றுகளின் எண்ணிக்கை 23,334. பத்துக் குழி குறைவது பெரிதல்ல. அந்த 23,334 எப்படி வந்தது என்பதைப் பார்த்தால்தான் நாற்றங்காலில் செய்யும் ஒவ்வொரு வேலையின் விலையும் தெரியும்.

பரிந்துரைக்கப்படும் இடைவெளி 90 × 60 × 60 செ.மீ. இணை வரிசை முறை என்பதால் வரிசைக்கு வரிசை சராசரி 75 செ.மீ., செடிக்குச் செடி 60 செ.மீ. ஒரு செடிக்கு 0.45 சதுர மீட்டர் நிலம். 10,000 சதுர மீட்டரை 0.45-ஆல் வகுத்தால் 22,222 செடி. அதோடு 5 விழுக்காடு சேர்த்தால் 23,333.1, முழு எண்ணாக 23,334. ஆக, விதை ஊன்றிய நாளிலிருந்து நட்ட செடி வேர் பிடிக்கும் நாள் வரை நேரும் எல்லா இழப்புக்கும் சேர்த்து இந்தக் கணக்கு ஒதுக்கும் இடம் 100-க்கு 5. முளைக்காத விதை, நாற்றழுகல், ஏற்றி இறக்கும்போது ஒடிவது, நட்டபின் கருகுவது எல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும்.

முளைப்பிலேயே அந்த ஐந்து தீர்ந்துவிடுகிறது. 23,324 குழியில் குழிக்கு ஒரு விதை போட்டு 95 விழுக்காடு முளைத்தால் கிடைப்பது 22,158 நாற்று. தேவைக்கு 64 குறைவு. 90 விழுக்காடு முளைத்தால் 20,992, குறைவு 1,230. இந்தியாவில் தக்காளி விதைச் சான்றளிப்புக்கான குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 விழுக்காடு. அந்த அளவில் நின்றால் 238 தட்டில் 16,327 நாற்றுதான் இருக்கும். நல்ல ஒட்டுரக விதை 70-க்கு மேலேயே முளைக்கும் என்பது உண்மை. ஆனாலும் 95-ஐத் தாண்டி முளைத்தால் ஒழிய, நட்டபின் ஒரு செடி சாகவும் கணக்கில் இடமில்லை. விதை வாங்கியபின் முளைப்பு விவசாயியின் கையில் இல்லை. நாற்றழுகல் பாதி கையில் இருக்கிறது. நட்ட மறுநாள் நண்பகலில் நாற்று தலைசாய்ந்து விழுவது பெரும்பாலும் நம் கையில் இருக்கும் இழப்பு. அதைத் தடுக்கும் வேலைக்கு நூல்களில் கடினப்படுத்துதல், வன்மைப்படுத்துதல் என்று பெயர். வயலில் இருப்பவர்கள் நாற்றை வெயிலுக்குப் பழக்குவது என்பார்கள். இந்தக் கட்டுரைக்கு அந்தச் சொல்லே போதும்.

பழக்க வேண்டிய அளவு எவ்வளவு? நாற்று வளர்வது 50 விழுக்காடு நிழல்வலைக்குக் கீழே. தெளிந்த வானத்தில் நண்பகல் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். வலைக்கு அடியில் அதில் பாதி, 50,000 லக்ஸ். தட்டை எடுத்து நேரே வயலில் வைத்தால் இலை மேல் விழும் ஒளி ஒரே நாளில் 100 விழுக்காடு கூடுகிறது. இடையில் 35 விழுக்காடு நிழல்வலை ஒன்றைப் பயன்படுத்தினால் ஒளி 50,000-இலிருந்து 65,000-க்கும், பிறகு 1,00,000-க்கும் போகும். முதல் படியில் 30 விழுக்காடு, இரண்டாம் படியில் 54 விழுக்காடு. சேரும் இடம் ஒன்றுதான். ஒரே தாவலாக இருந்தது இரண்டு படியாகிறது.

ஒளியைவிடக் காற்றின் வறட்சி கடுமையானது. அதை நாம் கண்ணால் பார்க்க முடியாது. நாற்றங்காலுக்குள் 30 டிகிரி செல்சியஸ், ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவி அழுத்தம் 4.24 கிலோபாஸ்கல். அதில் நிரம்பாமல் இருக்கும் 20 விழுக்காடு, அதாவது 0.85 கிலோபாஸ்கல்தான் இலையிலிருந்து நீரை இழுக்கும் விசை. வெளியே வயலில் 36 டிகிரி, ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால் தாங்கக்கூடியது 5.94, நிரம்பாதது 3.57 கிலோபாஸ்கல். வெப்பநிலை கூடியது 6 டிகிரிதான். நீரை இழுக்கும் விசை கூடியது 4.2 மடங்கு. வேர் பழைய வேர்தான், இலையும் பழைய இலைதான். கேட்கப்படும் நீர் மட்டும் நான்கு மடங்குக்கு மேல்.

ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் இது புரியும். நிழலிலேயே வளர்ந்த 18 நாள் நாற்றின் தண்டு வெளிர்பச்சை. விரலிடுக்கில் பிடித்தால் நீர் நிறைந்த குழாய் போல நெகிழும். இலை அகன்று, மெலிந்து, பளபளப்பில்லாமல் இருக்கும். அதன் மேல் மெழுகுப் படலம் மெல்லியது. இலைத்துளைகள் சட்டென்று மூடிப் பழகாதவை. இதை நேரே வெயிலில் வைத்தால் இலை நடுவே வெளுத்து, காகிதம் போல உலர்ந்த திட்டு விழும். அந்தத் திட்டு மறுபடி பச்சையாகாது. அதே நாற்று ஒரு வாரம் வெயில் பழகியபின் தண்டின் அடிப்பாகம் ஊதா படரும், கணு நெருங்கும், இலை சிறுத்து அடர்பச்சையாகிக் கொஞ்சம் முரடாகும். வளைத்தால் திரும்ப நிமிரும். வளர்ச்சி மெதுவாவதால் இலை செய்த மாவுச்சத்து செலவாகாமல் தங்குகிறது. வயலில் புதிய வேர் விடுவதற்கான முதல் அது.

இதற்கு 7 நாள் போதும். தக்காளி நாற்றின் நடவு வயது 25 நாள். அந்த ஏழு நாளும் 25-க்கு மேல் கூட்டப்படுவதல்ல, 25-க்குள் அடங்குவது. பலர் தயங்குவது இந்த இடத்தில்தான். தக்காளி நாற்றின் நடவு வயது 25 நாள். முதல் 6 நாள் தட்டுகளை அடுக்கிப் பாலித்தீன் தாளால் மூடி வைத்து முளைக்க விடுகிறோம். பிறகு நிழல்வலைக்குள் பரப்புகிறோம். 18-ஆம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஊற்றச் சொல்கிறது பரிந்துரை. 19-ஆம் நாள் தொடங்கி 25-ஆம் நாள் முடிய 7 நாள் மீதம். மொத்த வயதில் 28 விழுக்காடு. மிளகாய்க்கு நாற்று வயது 35 நாள் என்றால் அதே 7 நாள் 20 விழுக்காடு. 18-ஆம் நாள் உரமே கடைசி உரமாக இருக்கட்டும். அதன்பின் தழைச்சத்து கொடுத்தால் மறுபடி மெல்லிய இலை துளிர்க்கும், பழக்கியது வீண்.

மணி அளவில் நான் சொல்வது இது. முதல் நாள் காலை வெயில் 2 மணி நேரம். அடுத்த நாள்களில் 3, 4, 5, 6, 8. ஏழாம் நாள் விடிந்தது முதல் அடையும் வரை, சுமார் 12 மணி நேரம். கூட்டினால் 40 மணி நேரம். முதல் மூன்று நாளில் வருவது 9 மணி, 22.5 விழுக்காடு. கடைசி மூன்று நாளில் 26 மணி, 65 விழுக்காடு. 40 மணியையும் நாளுக்குச் சமமாகப் பங்கிட்டால் முதல் நாளே 5 மணி 43 நிமிடம் வந்துவிடும்; அது பழக்குவதாகாது.

தண்ணீர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நடவுக்கு 4, 5 நாள் முன்பே நீரை நிறுத்தச் சொல்லும் அறிவுரை பாத்தி நாற்றங்காலுக்கானது. அங்கே மேட்டுப்பாத்தியின் உயரம் 15 செ.மீ.; கீழேயும் மண் உண்டு. குழித்தட்டில் கதை வேறு. ஒரு தட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் தென்னை நார்க்கழிவு சுமார் 1.2 கிலோ. 98 குழிக்குப் பிரித்தால் ஒரு நாற்றுக்கு 12.2 கிராம். ஆழம் ஏறக்குறைய 4 செ.மீ. இந்த 12.2 கிராமில் 4 நாள் தண்ணீர் நிறுத்தினால் நாற்று பழகாது, செத்துப்போகும். தட்டு நாற்றுக்குச் செய்ய வேண்டியது அளவைக் குறைப்பது மட்டுமே. பூவாளியால் இரண்டு வேளை ஊற்றியதை ஒரு வேளையாக்கி, காலையில் ஊற்றி, மாலையில் இலை இலேசாகத் துவளும் நிலை வரை விடலாம். இரவில் நிமிராத நாற்றுக்கு உடனே தண்ணீர் கொடுக்க வேண்டும். நடவுக்கு முதல் நாள் மாலை முழு நனைப்பு.

இனி செலவு. தமிழ்நாட்டு விவசாயி ஏக்கரில் யோசிப்பவர், கணக்கும் ஏக்கருக்கே. 22,222 செடி ஏக்கருக்கு 8,993 ஆகும். 238 தட்டு 97 ஆகும். ஒரு தட்டின் அளவு 54 × 27 செ.மீ., பரப்பு 0.146 சதுர மீட்டர். 97 தட்டும் அடைக்கும் இடம் 14.1 சதுர மீட்டர், அதாவது ஒரு சென்ட்டில் 35 விழுக்காடு. வெயில் படும் இடத்துக்காக யாரும் நிலம் தேட வேண்டியதில்லை.

செலவு என்பது உழைப்புதான். கூலிக்கு ஊர்தோறும் வேறு வேறு அளவு உண்டு. ஒப்பிட ஒரு பொது எண் வேண்டும் என்பதால் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலியை எடுத்துக்கொள்கிறேன். 2023–24-இல் 294 ரூபாய், 2024–25-இல் 319 ரூபாய், 2025–26-இல் 336 ரூபாய். இரண்டு ஆண்டில் ஏற்றம் 14.3 விழுக்காடு. ஒரு தட்டை வெளியே எடுத்து வைக்க 1 நிமிடம், உள்ளே வைக்க 1 நிமிடம் என்று கொள்வோம். ஆறு நாள் எடுத்து வைத்து, ஏழாம் நாள் வெளியே மட்டும் எடுத்தால் ஒரு தட்டுக்கு 13 நிமிடம். 97 தட்டுக்கு 1,261 நிமிடம், ஏறக்குறைய 21 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக 2.63 நாள். 336 ரூபாய் வீதம் 883 ரூபாய்.

இந்த 883 ரூபாய் எத்தனை செடிக்குச் சமம்? நாட்டின் சராசரித் தக்காளி விளைச்சல் எக்டேருக்குச் சுமார் 25 டன். பல்கலைக்கழகம் ஒட்டுரகங்களுக்குச் சொல்லும் 80 முதல் 95 டன் வரையிலான அளவை நான் வேண்டுமென்றே எடுக்கவில்லை. குறைந்த எண்ணில் நிற்கும் கணக்கு கூடிய எண்ணிலும் நிற்கும். 25 டன் என்றால் ஏக்கருக்கு 10.1 டன். 100-இல் ஒரு செடி செத்தால் இழப்பு 101 கிலோ. பறிகூலியும் சந்தைச் செலவும் போகக் கிலோவுக்குக் கையில் 10 ரூபாய் நிற்பதாகக் கொண்டால் 1,010 ரூபாய். ஆகவே 883 ரூபாய்ச் செலவை ஈடுகட்டக் காப்பாற்ற வேண்டியது 0.87 விழுக்காடு, 79 செடி. ஒரு குழித்தட்டில் இருப்பதே 98.

இந்த 79-ஐ அப்படியே நம்ப வேண்டாம். ஒரு செடி செத்த இடத்தில் பக்கத்துச் செடி பரந்து கொஞ்சம் ஈடு செய்யும். அது பாதியை ஈடு செய்தால் 79 என்பது 158 ஆகும். கூலி 336 அல்ல, அதன் இரு மடங்கு என்றால் 315 ஆகும்; அது 3.5 விழுக்காடு. விலையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023 ஜூலையில் சென்னையில் சில்லறை விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, பண்ணைப் பசுமைக் கடைகளில் அரசு 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டியிருந்தது. வேறு பருவங்களில் பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்களும் உண்டு. கையில் 5 ரூபாய்தான் நிற்கிறது என்றால் 315-உம் இரட்டித்து 630 ஆகும், 7 விழுக்காடு. தட்டைத் தூக்கித் தூக்கி வைக்கும் முறை மோசமான ஆண்டில் கட்டுப்படியாகாமல் போகலாம். இதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் தட்டைத் தூக்க வேண்டிய கட்டாயமே இல்லை. நிழல்வலையை நிரந்தரமாகத் தைக்காமல், சுருட்டும்படி கட்டினால் போதும். காலையில் சுருட்ட 10 நிமிடம், இழுத்து மூட 10 நிமிடம். ஏழு நாளுக்கு 140 நிமிடம். அதே 336 ரூபாய்க் கூலியில் 98 ரூபாய். ஈடுகட்டக் காப்பாற்ற வேண்டியது 9 செடி. மேலே சொன்ன மூன்று பாதகங்களும், அதாவது பக்கத்துச் செடியின் ஈடு, இரட்டைக் கூலி, 5 ரூபாய் விலை, மூன்றும் ஒன்றாக வந்தாலும் சுமார் 70 செடி, 8,993-இல் 0.8 விழுக்காடு. தூக்குவதற்கும் சுருட்டுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம் 9 மடங்கு. ஒரு நாற்று 1 ரூபாய் என்று வைத்தால் 97 தட்டின் 9,506 குழிக்கும் நாற்றுச் செலவு 9,506 ரூபாய். தூக்கும் முறை அதில் 9.3 விழுக்காடு, சுருட்டும் முறை 1 விழுக்காடு. நாற்றுக்கு ஒரு பைசா. வெயிலுக்குப் பழக்குவது செலவு பிடித்த வேலை என்று சொல்லும்போது எந்த முறையைச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுருட்டுவதிலும் ஓர் ஆபத்து உண்டு: வெள்ளை ஈ. தக்காளி இலைச்சுருள் நச்சுயிரியைக் கொண்டுவருவது அதுதான். அதனால்தான் நாற்றங்காலின் பக்கங்களை 40 அல்லது 50 கண்ணளவுள்ள பூச்சித்தடுப்பு வலையால் மூடச் சொல்கிறார்கள். கூரை நிழல்வலையைச் சுருட்டினால் மேலே திறந்துவிடும். 25 நாள் வயதில் 7 நாள் பூச்சிக்குத் திறந்து வைப்பது என்பது 28 விழுக்காடு காலத்தைப் பறிகொடுப்பது. தட்டுகள் இருக்கும் 14.1 சதுர மீட்டருக்கு மேல் மட்டும் வளைவுக் கம்பி நட்டுப் பூச்சித்தடுப்பு வலையைப் போர்த்திவிட்டு, அதன் மேலுள்ள நிழல்வலையைச் சுருட்டுவதே சரியான வழி. நாற்று பழக வேண்டியது வெயிலுக்கும் காற்றுக்கும்; வெள்ளை ஈயைப் பழக்கித் தர வேண்டியதில்லை.

நடும் நேரமும் இதே கணக்கில் சேரும். மாலை 5 மணிக்கு 31 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு என்றால் நீரை இழுக்கும் விசை 2.02 கிலோபாஸ்கல். நண்பகலின் 3.57-இல் அது 57 விழுக்காடு. இரவில் 25 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதத்தில் 0.48-க்கு இறங்கும். மாலை 5 மணிக்கு நட்ட நாற்றுக்கு மறுநாள் நண்பகல் வர 19 மணி நேரம் இருக்கிறது. காலை 9 மணிக்கு நட்டதற்கு 3 மணி நேரம். ராயக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் தக்காளி போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. மாலை நடவைக் கூலியாட்களின் நேரத்துக்காகக் காலைக்கு மாற்றும்போது எவ்வளவு இழக்கிறோம் என்பதற்காகவே இந்த எண்கள்.

வீட்டுக்குள் நாற்று விடுபவர்களுக்கு இடைவெளி இன்னும் பெரிது. வெயில் நேரே படாத ஜன்னலோரத்தில் வெளிச்சம் 1,000 முதல் 2,000 லக்ஸ் இருக்கலாம். அங்கிருந்து மொட்டைமாடி நண்பகலுக்குப் போவது 50 முதல் 100 மடங்கு. நிழல்வலை நாற்றுக்கு 2 மடங்குதான். ஆகவே மாடித்தோட்டக்காரர் 7 நாளோடு நிறுத்தாமல் 10 முதல் 14 நாள் எடுத்துக்கொள்வது நல்லது. முதல் மூன்று நாள் நேர் வெயிலே வேண்டாம். வெளிச்சமான நிழலும் காற்றும் போதும். தரையின் சூடு ஏறாமல் தட்டைச் செங்கல் மேல் வைக்க வேண்டும்.

குளிர்நாடுகளிலும் இந்த வேலைக்கு 7 முதல் 14 நாள்தான் சொல்கிறார்கள். எண் ஒன்று, எதிரி வேறு. பிரிட்டனிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கடைசி உறைபனி போகும் வரை காத்திருந்து, 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவில் தட்டை உள்ளே எடுத்து வைக்கிறார்கள். தருமபுரியில் இரவு நமக்கு நண்பன்; தட்டை நிழலுக்கு நகர்த்த வேண்டியது நண்பகலில். அங்கே எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே எடுத்துப் பங்குனி, சித்திரையில் இங்கே பின்பற்றினால் நாற்று கருகும்.

அளவு மீறினாலும் நட்டமே. 25 நாளில் நட வேண்டிய நாற்று, நிலம் தயாராகாததால் 35 நாள் தட்டில் நின்றால் வயது 40 விழுக்காடு கூடிவிடுகிறது. 12.2 கிராம் நார்க்கழிவுக்குள் வேர் சுருண்டுவிடும், தண்டு மரத்துப்போகும், நட்டபின் துளிர்க்க நாள் எடுக்கும். 135 நாள் பயிரில் 5 நாள் தாமதம் 3.7 விழுக்காடு. பழக்குவதற்கு என்று சொல்லி நாற்றை வாட்டுவதும் இந்த வகையில்தான் சேரும். இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கினால் எல்லை தாண்டியாயிற்று என்று பொருள்.

நாற்றை விலைக்கு வாங்குகிறவர்கள் இன்று மிகுதி. அவர்கள் பண்ணையில் கேட்க வேண்டிய தேதி இரண்டு: விதைத்த தேதி, நிழல்வலையை விலக்கிய தேதி. முதலாவதை எல்லோரும் கேட்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள். இரண்டாவதையும் கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலக்கவே இல்லை என்று பதில் வந்தால் 25-ஆம் நாள் வரை காத்திருக்காமல் 18-ஆம் நாளிலேயே தட்டை வாங்கிவந்து, வயலோரம் 14 சதுர மீட்டரில் வலை கட்டி, மீதி ஏழு நாளை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.